நாய்களின் தகாத தீனிப் பழக்கங்களும் தடுக்கும் முறைகளும்

ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் நாயைப் போன்ற காவல் வேறில்லை. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எனப் பெயர் பெற்ற நாய் இனங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இனம் சொல்ல முடியாத நாட்டு நாயும் காவலில் அவற்றுக்குச் சளைத்ததல்ல. ஆயினும் நாய்களிடம் முகம் சுளிக்க வைக்கும் சில தீனிப் பழக்கங்கள் காணப்படுகின்றன. தன் மலத்தையே தின்பது, சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் பொறுக்குவது, மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை இழுத்துச் செல்வது, செத்த பிராணியைக் குதறுவது, ஆடு அறுத்த இடத்தில் கிடக்கும் கழிவுகளை விழுங்குவது ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

"நாய் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் நாயை அடித்துத் துரத்துகின்றனர். இரண்டுமே சரியான வழியல்ல. இப்பழக்கங்களில் சில, பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதிகத் தீங்கு இல்லாதவை. வேறு சிலவோ, பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், பட்டியில் உள்ள ஆட்டையும் வீட்டில் உள்ள குழந்தையையும் நோய்க்கு ஆளாக்கக் கூடியவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் தடுப்பது எளிது.

நாய் ஏன் மலம் தின்கிறது?

குட்டி ஈன்ற தாய் நாய் தன் குட்டிகளின் மலத்தை நக்கி உண்டுவிடும். குட்டிகளுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் வரை இது நடக்கும். படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கத் தாய் செய்யும் வேலை இது. இதைத் தடுக்க வேண்டியதில்லை. இளங்குட்டிகள் கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும். பெரும்பாலான குட்டிகள் வளர வளர இதை விட்டுவிடும்.

வளர்ந்த நாய்களைப் பற்றி அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ அறிஞர்கள் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து, முடிவுகளை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூறு நாய்களுக்குப் பதினாறு நாய்கள் அடிக்கடி மலம் தின்பவையாக இருந்தன. தீனியை அவசரம் அவசரமாக விழுங்கும் நாய்களிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் உள்ள வீடுகளிலும் இப்பழக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. அவை தின்றது பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு உட்பட்ட புதிய மலத்தையே. மலத்திலுள்ள புழு முட்டைகள் பல, நோய் உண்டாக்கும் நிலையை அடையச் சில நாட்கள் ஆகும். அதற்கு முன்பே மலத்தைத் தின்று இருப்பிடத்தைச் சுத்தம் செய்த ஓநாய் மூதாதையரின் குணம் நாயிடம் தங்கியிருக்கலாம் என்பது அந்த அறிஞர்களின் கருத்து.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தீனியில் கலந்து கொடுத்தால் மலம் தின்பதை நிறுத்தும் என்று அங்கு விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கிக் கொடுத்தவர்களில், பயன் கண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எனவே இத்தகைய பொருள்களுக்குப் பணம் செலவழிப்பதால் பலனில்லை.

பிறவிக் குணம் தவிர வேறு காரணங்களும் உண்டு. வெறும் கஞ்சியும் பழைய சோறும் மட்டும் பெறும் நாய் பசியால் கண்டதைத் தின்னும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய் வேறு வேலை இல்லாமல் அருகில் கிடப்பதை வாயில் போடும். வயிற்றில் புழு உள்ள நாயும், உண்டது செரிக்காத நாயும் இப்பழக்கத்துக்கு ஆளாகும்.

தீங்கு குறைந்தவை

புல் தின்பது நாய்க்கு இயல்பு. அது நோயின் அறிகுறி என்று எப்போதும் கருத வேண்டியதில்லை. பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ தெளித்த வரப்பில் மேயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாட்டுச் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் எப்போதாவது பொறுக்கித் தின்பதாலும் பெரும் கேடு விளைவதில்லை. ஆனால் அந்த வாயால் குழந்தையின் முகத்தை நக்க விடக் கூடாது.

மண் தின்பது சற்றுக் கவனிக்க வேண்டியது. கொக்கிப் புழுக்கள் குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால் சோகை பிடித்த நாய் மண் தின்னக்கூடும். ஈறும் கண் இமையின் உட்புறமும் சிவப்பு நிறம் குறைந்து வெளுத்திருந்தால் சோகை என்று அறியலாம்.

பெருந்தீங்கு தருவது எது?

இனி வருவதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. கோயில் கொடையிலும் கிடா வெட்டிலும் ஒரே நாளில் பல ஆடுகள் அறுக்கப்படுகின்றன. அறுப்பவர் ஈரலிலோ நுரையீரலிலோ தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்களைக் கண்டால், அப்பகுதியை வெட்டி எடுத்து, காத்திருக்கும் நாய்க்கு எறிந்துவிடுகிறார். மனிதர் தின்னத் தகாததை நாயாவது தின்னட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் தீங்கு தொடங்குவது அந்த எறியில்தான்.

அந்தக் கொப்புளம் ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். அதற்கு நீர்க்கட்டி என்று பெயர். கட்டியுள்ள ஈரலை நாய் பச்சையாகத் தின்றால், கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய புழுத்தலைகள் நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு நாடாப்புழுக்களாக வளர்கின்றன. வளர்ந்த புழு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் இருக்கக்கூடும். ஆனாலும் நாய் மெலியாது, சோர்ந்து போகாது. மலத்தில் புழு கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ ஆறு, ஏழு வாரங்களில் நாயின் மலத்தோடு புழு முட்டைகள் வெளிவரத் தொடங்குகின்றன.

இந்த முட்டைகள் புல்லிலும் கீரையிலும் தண்ணீரிலும் கலக்கின்றன, நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. புல்லோடு முட்டையை விழுங்கிய ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாகிறது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு உண்ணும் குழந்தைக்கும், கழுவாத பச்சைக் காய்கறியைத் தின்னும் பெரியவருக்கும் அதே கட்டி உண்டாகலாம். மனித உடலில் இக்கட்டி மெதுவாக வளரும். பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இராது. பின்னர் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், இருமல் என்று வெளிப்படும். பல நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கு விவசாயிகள் ஓர் உண்மையை நன்கு மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கட்டியுள்ள ஈரலை மனிதர் தின்பதால் இந்நோய் மனிதருக்கு வருவதில்லை. அதை நாய் தின்பதால்தான் வருகிறது. "நமக்கு வேண்டாம், நாய்க்குப் போடு" என்பது ஆபத்தை விலக்குவது அல்ல; சுற்றி வளைத்து வீட்டுக்குள் கொண்டு வருவது.

சுற்றிச் சுற்றி வரும் ஆடு

பட்டியில் ஓர் இளம் ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி வட்டமாகச் சுற்றுவதையும், சுவரில் முட்டி நிற்பதையும், மந்தையை விட்டுத் தனித்துப் போவதையும் சில விவசாயிகள் கண்டிருக்கலாம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நாயின் வேறொரு வகை நாடாப்புழு. இது நீளமான புழு. நாயின் மலத்தோடு வெளிவந்த இதன் முட்டைகளை ஆடு புல்லோடு தின்றால், புழுவின் இளம் பருவம் மூளையைச் சென்றடைந்து அங்கே நீர்ப்பையாக வளரும். அது எலுமிச்சம்பழ அளவுக்கும் பெருக்கலாம். முட்டையை விழுங்கிச் சில மாதங்கள் கழித்தே அறிகுறிகள் தெரியும். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆடுகளே பாதிக்கப்படுகின்றன.

இத்தகைய ஆட்டை அறுத்துவிட்டுத் தலையை நாய்க்குப் போடுவது பெருந்தவறு. மூளையில் உள்ள நீர்ப்பையை நாய் தின்றால் அதன் குடலில் மீண்டும் புழு வளரும். அதே நாய் அதே மேய்ச்சல் நிலத்தில் மலம் கழிக்கும். அடுத்த ஆண்டு வேறு ஆடுகள் சுற்றத் தொடங்கும். பட்டியைக் காக்க வளர்த்த நாயே பட்டிக்கு நோய் பரப்புவதாகிவிடும்.

நஞ்சுக்கொடியும் கருச்சிதைவும்

மாடு ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வருகிறது. அது நாய் வாய்க்கு எட்டாமல் செய்தது என்பது அவ்வழக்கத்தின் நன்மை. ஆழமாகப் புதைப்பது அதைவிடச் சிறந்தது.

பசுக்களில் ஐந்து, ஆறு மாதச் சினையில் கரு கலைவதற்கு நியோஸ்போரா என்னும் நுண்ணுயிரி ஒரு காரணம். இந்நுண்ணுயிரிக்கு 1988ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது. நாயின் மலம் வழியே இது பரவுகிறது என்பது 1998ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. நோயுள்ள பசுவின் நஞ்சுக்கொடியை நாய் தின்று, பின் தீவனத்தின் மீதோ தண்ணீர்த் தொட்டி அருகிலோ மலம் கழித்தால் மற்றப் பசுக்களுக்கும் நோய் பரவலாம். எனவே தீவனம், வைக்கோல் போர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகே நாய் மலம் கழிக்க விடக் கூடாது.

புரூசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோயுள்ள பசுவின் கருவையும் நஞ்சுக்கொடியையும் நாய் இழுத்துச் சென்றால், அந்நோய்க் கிருமி ஊரெங்கும் சிந்தும். இது மனிதருக்கும் தொற்றும் நோய். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடுவது கூடாது.

செத்த பிராணிகளும் மனித மலமும்

திடீரென்று செத்து விழுந்த மாடு அல்லது ஆட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் கருமையான, உறையாத இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அப்பிராணியை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. நாய்கள் குதறாதபடி காவல் வைத்து, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொற்படி அப்புறப்படுத்த வேண்டும். உடலைக் கிழித்தால் கிருமி மண்ணில் கலந்து பல ஆண்டுகள் தங்கிவிடும். விஷம் வைத்துச் செத்த எலியைத் தின்றால் நாயும் சாகக்கூடும். விஷம் வைத்த நாட்களில் நாயைக் கட்டி வைத்து, செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடங்களில் நாய்கள் மனித மலத்தையும் தின்கின்றன. அசாம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் நடத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனிதருக்கு வரும் உருண்டைப் புழுவின் முட்டைகள் நாயின் குடல் வழியாகச் சாகாமல் வெளிவருவது தெரிந்தது. கழிப்பறையைப் பயன்படுத்துவதே இதற்கு நிரந்தரத் தீர்வு.

அடிப்பதால் பயனில்லை

நாய் மலத்தில் வாய் வைக்கும்போது கத்திக்கொண்டு ஓடினால், பிடுங்கிக்கொள்வார்கள் என்று எண்ணி அது இன்னும் வேகமாக விழுங்கும். தின்று முடித்த பிறகு அடித்தால் எதற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. மலத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பதாலும் பயனில்லை. ஆளைக் கண்டு பயந்து மறைவில் போய்த் தின்னப் பழகும். வாய்க்கு எட்டாமல் செய்வது, வயிறு நிறையப் போடுவது, புழு நீக்குவது, பழக்குவது ஆகிய நான்குமே பலன் தரும் வழிகள்.

1. எட்டாமல் செய்தல்: நாய் மலம் கழித்தவுடன் மண்வெட்டியால் அள்ளிக் குழியில் புதைக்க வேண்டும். ஆடு அறுக்கும் நாளில் நாய்களைக் கட்டி வைக்க வேண்டும். கழிவுகளை மூன்று, நான்கு அடி ஆழத்தில் புதைத்து, மேலே கல்லும் முள்ளும் போட்டால் நாய் தோண்டாது. கொடை நடக்கும் கோயில் அருகே முன்கூட்டியே ஒரு குழி வெட்டி வைப்பது ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய எளிய ஏற்பாடு. செத்த ஆடு மாடுகளை ஆறடி ஆழத்தில் புதைக்க வேண்டும். நாய்க்கு ஈரல், நுரையீரல், குடல், தலை போட விரும்பினால், அவற்றைச் சிறு துண்டுகளாக்கி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்தே போட வேண்டும்.

2. தீனி: நாளுக்கு இரு வேளை, குறித்த நேரத்தில் தீனி கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி அல்லது கேழ்வரகு, 40 கிராம் பருப்பு, 100 கிராம் மீன் அல்லது இறைச்சி, ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றை வேகவைத்துக் கொடுக்கலாம். மீனும் இறைச்சியும் கிடைக்காத நாளில் பருப்பையும் முட்டையையும் கூட்டிக்கொள்ளலாம். இத்தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே தாது உப்புக் கலவை எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெங்காயம் சேர்க்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு நாயின் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

3. புழு நீக்கம்: சாதாரணப் புழு மருந்துகளில் பல நாடாப்புழுவைக் கொல்வதில்லை. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் மருந்து சிறந்தது. நாயின் எடைக்கு ஏற்ற அளவைக் கால்நடை மருத்துவர் சொல்வார். பச்சைக் கழிவு கிடைக்கக்கூடிய பட்டி நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். கொடை முடிந்த 30 நாட்களுக்குள் ஒரு முறை கொடுத்தால், முட்டை வெளிவருவதற்கு முன்பே புழு அழிந்துவிடும். இம்மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகவே மருந்து கொடுத்தபின் இரண்டு நாட்கள் நாயைக் கட்டி வைத்து, அதன் மலத்தை ஆழமாகப் புதைக்க வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே உருண்டைப் புழுவுக்கு மருந்து தேவை. ஆட்டுக்கு வாங்கிய புழு மருந்தில் மிஞ்சியதை நாய்க்கு ஊற்றுவது கூடாது.

4. பழக்குதல்: கையில் சிறு தீனித் துண்டை மூடி வைத்து நாயிடம் காட்ட வேண்டும். அது முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் நொடியில் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து அதைவிடச் சுவையான துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் இவ்வாறு பழக்கினால் "விடு" என்றால் வேறு நல்லது கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். மலம் கழித்தவுடன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்துவந்தால், திரும்பி முகர்வதற்குப் பதிலாக ஆளைத் தேடி ஓடி வரும். பழகும் வரை வெளியில் கூட்டிச் செல்லும்போது கயிற்றில் பிடித்துச் செல்வது நல்லது.

மருத்துவரிடம் எப்போது காட்ட வேண்டும்?

இதுவரை இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால், நன்றாகத் தின்றும் நாய் மெலிந்தால், மலம் வெளுத்து எண்ணெய்ப் பசையோடு அதிகமாகப் போனால், அடிக்கடி தண்ணீர் குடித்தால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். புதிய மலத்தில் சிறிதளவு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம்.

ஐஸ்லாந்து காட்டிய வழி

நீர்க்கட்டி நோயை ஒழிக்க முடியுமா என்ற ஐயம் எழலாம். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து தீவில் ஆடு வளர்ப்பே மக்களின் முக்கியத் தொழிலாக இருந்தது. வீட்டுக்கு வீடு நாய் இருந்தது. நீர்க்கட்டி நோயும் மிகுந்திருந்தது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஹரால்ட் கிராபே 1863ஆம் ஆண்டில் அங்கு சென்று 100 நாய்களை ஆராய்ந்தபோது 28 நாய்களில் இந்த நாடாப்புழு இருந்தது. அடுத்த ஆண்டு, நோய் எப்படி வருகிறது, கழிவை ஏன் நாய்க்குப் போடக் கூடாது என்று விளக்கும் சிறு நூல் ஒன்றை அவர் எழுத, அது வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. இன்றுள்ள சிறந்த புழு மருந்து அன்று இல்லை. மக்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு கழிவைப் புதைக்கவும் எரிக்கவும் தொடங்கினர். சட்டங்களும் துணை நின்றன. சில பத்தாண்டுகளில் புதிதாக நோய் தொற்றுவது வெகுவாகக் குறைந்து, பின்னர் நோயே அங்கிருந்து மறைந்தது. ஆடு வளர்ப்பில் பேர் பெற்ற நியூசிலாந்தும் நீண்ட கால முயற்சிக்குப் பின், இந்நோய் நீங்கிய நாடு என்று 2002ஆம் ஆண்டில் தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது.

அவர்கள் செய்தது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒரு குழி, ஒரு மண்வெட்டி, வேளைக்கு வயிறு நிறையத் தீனி, ஆறு வாரத்துக்கு ஒரு மாத்திரை, சோற்றில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் ஆகியவை இருந்தால் சிறு விவசாயியும் இதைச் செய்துகொள்ளலாம். அடுத்த கொடைக்கு ஆடு பிடிக்கும்போதே குழியும் வெட்டி வைக்க வேண்டும். ஈரலில் கொப்புளம் கண்டால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குழியே தவிர, நாயின் வாய் அல்ல. இதைக் கடைப்பிடித்து விவசாயிகள் தம் பட்டியையும் வீட்டையும் காத்துக்கொள்ளலாம்.